ஒன்றரை

ஜனவரியில் ஆர்.கே. புரத்துத் தண்ணீர்க் குழாய்க்கும்
என் விரல்களுக்கும் ஒரே குணம்.
ஏழு மணிக்குத் திறக்காது.
எட்டரைக்குக் கொஞ்சம் கசியும்.

பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடிக்கிறேன்.
கதிரேசன் கத்தரியை எடுத்து நீட்டுகிறார்.
பதினான்கு வருடமாக நீட்டுகிறார், பாவம்.
கத்தரிக்கும் விரல் வேண்டும் என்பது
அவருக்குத் தினமும் புதுச் செய்தி.

அலுவலக வாசலில் விரல் வைக்கும் இயந்திரம்
வளைந்த ஆள்காட்டியை ஏற்பதில்லை.
மறுபடி முயலுங்கள் என்கிறது
இந்தியில் ஒரு பெண் குரல், கோபமே இல்லாமல்.
கட்டைவிரல் வைத்தேன். சுண்டுவிரல் வைத்தேன்.
'காலை வைத்துப் பாருங்கள் மேடம்' என்றார் காவலாளி பிஷ்ட்.
அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

தணிக்கைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம்.
சேராத கூட்டலை வாசனையிலேயே பிடிப்பேன்.
அதனால் டாக்டர் தன்வர் திரையைத் திருப்பியபோது
அவர் முகத்துக்கு முன்
எண்ணைத்தான் பார்த்தேன்.
வயது ஐம்பத்தொன்று. புகை இல்லை. சர்க்கரை இல்லை.
பத்து வருடத்துக்குள் மாரடைப்பு
நூற்றுக்கு ஆறு.
பரவாயில்லையே என்று பையை எடுத்தேன்.
'உட்காருங்கள்' என்றார்.
'முடக்குவாதக்காரர்களுக்கு
இதை ஒன்றரையால் பெருக்க வேண்டும்.'

ஒன்பது.

எந்த விதியின் கீழ் என்று கேட்டேன்.
எந்தச் சுற்றறிக்கை, எந்தத் தேதி?
பழக்கதோஷம்.

மூட்டில் எரிவது மூட்டோடு நிற்பதில்லையாம்.
ரத்தம் போகும் வழியெல்லாம்
உட்சுவரில் கரி படிகிறதாம்.
அவர் இந்தியில் சொல்லிக்கொண்டே போனார்.
மூட்டு என்றால் பற்றவை என்றும் பொருள்,
இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

கொழுப்பு குறைவாகத்தானே இருக்கிறது என்று
போன மாத அறிக்கையை நீட்டினேன்.
உசிலிக்கு எண்ணெய் குறைத்த பெருமை எனக்கு.
வீக்கம் ஏறினால் அந்த எண் இறங்கும்,
இறக்கத்தை நம்பாதீர்கள் என்றார்.
குறைத்துக் காட்டிய தொகைகளை
எத்தனை கோப்புகளில் சிவப்பில் சுழித்திருக்கிறேன்!
என் பேரேட்டில் ஒன்று
இத்தனை வருடம் கையெழுத்தாகிப் போயிருக்கிறது.

பிறகு கேட்டார்:
மூச்சு வாங்கியதுண்டா, எப்போதாவது?

ஐ.என்.ஏ. மெட்ரோவில் மின்படிக்கட்டு நின்றுபோன அன்று
இருபத்தெட்டாம் படியில்
இடது தோளில் ஒரு இறுக்கம். தாடை வரை.
தோள்தானே, என்றேன் தோளிடம்.
வலி குடியிருக்க என்னிடம் எத்தனையோ அறைகள்,
புதிதாக வந்தவன் எதில் தங்கினான் என்று
யார் போய்ப் பார்த்தது?
கைப்பிடியைப் பிடிக்க வராத கையோடு
கைப்பிடியில் சாய்ந்து நின்றேன்.
'ஆன்ட்டி, சைடு' என்றான் பின்னால் ஒரு பையன்.
நகர்ந்தேன்.
கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.
சந்தையில் சேப்பங்கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கதிரேசனிடம் சொல்லவில்லை.
பிடிவாதம் என்பார்.
பிடி எப்போதோ போய்விட்டது,
மிச்சம் இருப்பது வாதம்தான்.

நெஞ்சில் கைவைத்துச் சொல் என்போமே, எங்கள் பக்கம்.
வைத்தேன்.
உள்ளங்கை படியவில்லை.
விரல் கணுக்கள் மட்டும் போய்த் தொட்டன,
கதவைத் தட்டப் போகிறவள் கை மாதிரி.
உள்ளே யாரோ
முன்பே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

'ஒரு தடவை' என்றேன்.
தன்வர் பேனாவை எடுத்தார்.
'இல்லை. மூன்று.'

ஈசிஜி, எக்கோ, இரவில் ஒரு புது மாத்திரை.
வீட்டில் எல்லாம் சொல்லி முடித்தபின்
கதிரேசன் நெடுநேரம் ஹீட்டரையே பார்த்திருந்தார்.
பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்,
மாத்திரை அட்டையை நீட்டினார்,
கூடவே
கத்தரியையும்.